மலை ஏறிவந்த சர்க்கரை

கொச்சியிலிருந்து தனுஷ்கோடிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை அடிமாலியைத் தாண்டி மூணாறை நோக்கி மலையேறும் வழியில் பள்ளிவாசல் வருகிறது. இன்றைய கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940-ல் இங்கேதான் ஓடத் தொடங்கியது. முதிரப்புழை ஆற்றின் தண்ணீர் குழாய்களில் இறங்கிச் சமவெளிக்கு வெளிச்சம் கொடுத்தது. ஆவணங்களில் பள்ளிவாசல் இன்றும் ஒரு கிராமப் பஞ்சாயத்துதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்த ஊர் இருக்கும் இடுக்கி மாவட்டத்தில் நகரவாசிகள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. ஆனால் அந்தச் சாலையோரம் நின்று பார்ப்பவருக்குக் கிராமம் கண்ணில் படாது. சரிவெங்கும் ரிசார்ட்டுகள், தங்கும் விடுதிகள், சாக்லேட்டும் ஏலக்காயும் விற்கும் கடைகள், வரிசையாக நிற்கும் ஜீப்புகள், கண்ணாடிப் பெட்டிக்குள் பழம்பொரியும் பப்ஸும் அடுக்கிய பேக்கரிகள். அவற்றுக்குப் பின்னால் தேயிலை. தேயிலைக்கு நடுவே, மூன்று நான்கு தலைமுறைக்கு முன் மதுரை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த தமிழ்க் குடும்பங்களின் லயங்கள் என்னும் வரிசை வீடுகள். இந்த ஊரைக் கிராமம் என்று எழுதுவதா, நகரம் என்று எழுதுவதா? எழுத்தர் வேலையைச் சேர்ந்த கேள்வி போலத் தோன்றும் இதுதான், இங்கே வாழ்கிறவர்களின் சர்க்கரை நோயையும் ரத்த அழுத்தத்தையும் மாரடைப்பையும் புரிந்துகொள்வதற்கான முதல் கேள்வி.

நகரம் ஓர் ஊருக்குள் ஒரே நாளில் வந்து இறங்குவதில்லை. தவணை தவணையாக வருகிறது. முதல் தவணையில் வருவது சாலையும் வண்டியும் பாக்கெட் தின்பண்டமும் உட்கார்ந்து செய்யும் வேலையும். ரத்தப் பரிசோதனைக் கூடமும் நிரந்தர மருத்துவரும் நடப்பதற்குப் பாதுகாப்பான ஓரமும் ஒழுங்கான வேலை நேரமும் கடைசித் தவணையில் வருகின்றன. சில ஊர்களுக்கு அந்தத் தவணை வந்து சேர்வதே இல்லை. இடைப்பட்ட காலத்தில் நோய் யாரைப் பிடிக்கிறது, யார் தப்புகிறார்கள் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது அவரவர் பெற்ற கல்வி. சென்னையிலும் சண்டிகரிலும் ஏற்கெனவே நடந்து முடிந்த இந்த மாற்றம், பள்ளிவாசல் போன்ற மலையூர்களில் இப்போது நடக்கத் தொடங்கியிருக்கிறது என்பதே என் வாதம்.

சான்றுகளைச் சென்னையிலிருந்து தொடங்கலாம். டாக்டர் அ. ராமச்சந்திரனின் குழு 1980-களின் இறுதியில் எடுத்த கணக்கில், சென்னை நகரவாசிகளில் 8.2 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. தமிழகக் கிராமத்தில் 2.4 சதவீதம்தான். அதே குழு 2006-ல் மீண்டும் அளந்தபோது சென்னை 18.6 சதவீதத்துக்கும், காஞ்சிபுரம் என்ற நடுத்தர ஊர் 16.4 சதவீதத்துக்கும், பண்ருட்டியைச் சுற்றிய கிராமங்கள் 9.2 சதவீதத்துக்கும் வந்திருந்தன. ஒரே கிராமத்தை இரண்டு முறை அளந்த கணக்கு அல்ல இது. நேர் ஒப்பீட்டில் எச்சரிக்கை வேண்டும். ஆனாலும் நகரத்தின் பழைய எண்ணைக் கிராமம் பதினைந்து இருபது ஆண்டுகளில் எட்டிவிட்டது என்ற போக்கு தெளிவாகவே தெரிகிறது. கேரளத்திலும் இதற்கு இணையான ஓர் அளவீடு உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடந்து 2000-ல் வெளியான ஆய்வு மக்களை நகரம், இடைநாடு, மலைநாடு, கடலோரம் என்று பிரித்துப் பார்த்தது. நகரத்தில் 12.4 சதவீதம், இடைநாட்டில் 8.1, மலைநாட்டில் 5.8, கடலோரத்தில் 2.5. மலை அன்று ஓரளவுக்குக் கவசமாக இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023-ல் வெளிவந்தபோது கேரளத்தின் அளவு 25.5 சதவீதம். கோவா, புதுச்சேரிக்கு அடுத்தபடி நாட்டிலேயே மிக அதிகம். நாட்டின் சராசரி 11.4. நான்கு பெரியவர்களில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்ற நிலையில், மலைநாடு மட்டும் தன் பழைய கவசத்தைக் காப்பாற்றி வைத்திருக்கும் என்று நம்பக் காரணம் எதுவும் இல்லை.

இந்த இடத்தில் வாசகருக்கு நியாயமான ஒரு சந்தேகம் எழும். 1991 ஏப்ரலில் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவித்துக்கொண்டது கேரளம். படிப்பில் முன்வரிசை, சர்க்கரை நோயிலும் முன்வரிசை. அப்படியானால் கல்வி நோயிலிருந்து காக்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்? படித்ததால்தானே நிழலில் உட்கார்ந்து வேலை செய்தார்கள், படித்ததால்தானே கையில் காசு புரண்டது, காசு புரண்டதால்தானே நோய் வந்தது? இந்தக் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. வளரும் நாடுகளில் சர்க்கரை நோய் முதலில் தட்டுவது வசதியும் படிப்பும் உள்ள வீட்டுக் கதவை. எண்ணெயும் சர்க்கரையும் வாகனமும் வாங்க முடிந்தவர்கள் அவர்கள்தான். அதனால்தான் இதைப் 'பணக்கார வியாதி' என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். அவர்கள் காலத்துக்கு அது சரி. ஆனால் அந்தப் பெயர் ஒரு கட்டத்தின் பெயர்தான்; நோயின் இயல்பு அதில் இல்லை.

கட்டம் எப்படி மாறுகிறது என்பதை அதே தேசிய ஆய்வின் முந்தைய பகுதி காட்டுகிறது. 15 மாநிலங்களின் கணக்கு 2017-ல் வெளியானது. கிராமப்புறங்களில் வசதியானவர்களிடம்தான் சர்க்கரை நோய் அதிகம். ஆனால் வளர்ச்சி பெற்ற சில மாநிலங்களின் நகரங்களில், அதாவது சண்டிகர், மகாராஷ்டிரம், தமிழ்நாடு ஆகியவற்றின் நகரங்களில், தராசு மறுபக்கம் சாய்ந்திருந்தது. சண்டிகர் நகரில் பொருளாதாரத்திலும் சமூக நிலையிலும் கீழே இருப்பவர்களில் 26.9 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். மேலே இருப்பவர்களில் 12.9 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல். பேக்கரிப் பலகாரமும் பாமாயிலும் மலிவாகிக் கூலித் தொழிலாளி கைக்கும் எட்டிய பிறகு, வசதி படைத்தவர் ஓட்ஸுக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் முழு உடல் பரிசோதனைக்கும் நகர்ந்துவிட்டார். நோய் ஏணியின் கீழ்ப்படிக்கு இறங்கிவிட்டது. பிரிட்டனில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கண்டது இது. லண்டன் அரசு ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்த புகழ்பெற்ற வைட்ஹால் ஆய்வில், இதய நோயால் அதிகம் இறந்தவர்கள் கடைநிலை ஊழியர்கள். உயர் அதிகாரிகள் அல்லர்.

இதைவிட என்னை அதிகம் உலுக்கிய கணக்கு வேறொன்று. ப்யூர் என்ற பன்னாட்டு ஆய்வு 20 நாடுகளில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. சென்னையும் திருவனந்தபுரமும் அதன் இந்தியக் களங்களில் அடக்கம். 2019-ல் வெளியான அதன் முடிவுகளில், சொத்தைவிடக் கல்விதான் இதய நோயோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது. வருமானம் குறைந்த நாடுகளில், அதிகம் படித்தவர்களோடு ஒப்பிட்டால் குறைவாகப் படித்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் இரண்டு மடங்குக்கு மேல். வியப்பு அடுத்த வரியில் இருக்கிறது. அந்தக் குறைவாகப் படித்தவர்களின் அபாயக் குறிகள் எல்லாம் சேர்ந்த மதிப்பெண், படித்தவர்களைவிட நன்றாக இருந்தது! ஆபத்து குறைவாக இருந்தும் அதிகம் செத்தார்கள். காரணம், நோய் வந்தபின் கிடைத்த மருத்துவம் மிக மோசம். இந்தியாவின் 89 மருத்துவமனைகளில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளைப் பதிவுசெய்து 2008-ல் வெளியான ஆய்வும் இதையே சொல்லியிருந்தது. 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் ஏழைகளில் 8.2 சதவீதம், வசதியானவர்களில் 5.5 சதவீதம். இரு தரப்புக்கும் கிடைத்த சிகிச்சையைச் சமமாக்கிக் கணக்கிட்டால் அந்த வேறுபாடு மறைந்துபோகிறது. ஏழையின் இதயம் பலவீனமானது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. மருந்து போய்ச் சேரவில்லை என்பதற்கு இருக்கிறது.

ஆகவே கல்வி என்று இங்கே பேசும்போது, 'இனிப்பு கெடுதல்' என்று தெரிந்துவைத்திருப்பதை மட்டும் குறிக்கவில்லை. அது இன்று எல்லோருக்கும் தெரியும். கொழுந்து எடுக்கும் பெண்ணிடம் கேட்டாலும் "சுகர் இருந்தா சீனி ஆகாது" என்றுதான் சொல்வார். கல்வி தருவது வேறு. எந்த வேலை கிடைக்கும், அந்த வேலையில் மாதத்துக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டா, மருத்துவர் பேசும் மொழியில் எதிர்க்கேள்வி கேட்க வருமா, மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார், ஏன் என்று விசாரிக்கும் துணிச்சல் உண்டா, பாக்கெட்டின் பின்புறம் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டதைப் படிக்க முடியுமா என்பவையெல்லாம் கல்வியோடு வருகின்றன. பிரிட்டனில் பள்ளியை விட்டு விலகும் குறைந்தபட்ச வயதை 1972-ல் 15-லிருந்து 16 ஆக்கினார்கள். அந்த ஓராண்டு கூடுதலாகப் பள்ளியில் இருந்த தலைமுறையைப் பல பத்தாண்டு கழித்து ஆராய்ந்தபோது சர்க்கரை நோயும் அகால மரணமும் குறைந்திருந்ததற்கான அறிகுறிகள் கிடைத்தன. அந்த ஓராண்டில் யாரும் அவர்களுக்குச் சர்க்கரை நோயைப் பற்றிப் பாடம் நடத்தவில்லை.

தோட்டத்துக்குத் திரும்புவோம். 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், நிர்வாகம் தொழிலாளிக்கு வீடும் மருத்துவமனையும் பிள்ளைக் காப்பகமும் தர வேண்டும் என்றது. அந்தக் காலத்துக்கு அது முன்னேறிய சட்டம். அதனால் பிழைத்த உயிர்கள் ஏராளம். ஆனால் அதே சட்டத்தில் பள்ளிக்கூடம் பற்றிய பிரிவைப் படித்தால் மனம் கனக்கும். 6 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் கல்வி வசதி செய்து தர வேண்டும் என்றது அது. தொழிலாளியின் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதோடு படிப்புப் போதும் என்று சட்டத்தை எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள். அந்தப் பன்னிரண்டு வயதுக்காரர்கள்தாம் இன்று பாட்டிகளும் தாத்தாக்களுமாக, சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டிய வயதில் இருக்கிறார்கள்.

மலைச்சரிவில் நாள் முழுக்க நின்று கொழுந்து பறிப்பவருக்கு இந்த நோயெல்லாம் எங்கே வரும் என்று கேட்பவர்கள் உண்டு. உழைப்பு பெரிய காவல் என்பது உண்மை. ஆனால் அது ஒன்றே போதும் என்றால் அசாம் தேயிலைத் தோட்டங்கள் அப்படிக் காட்டியிருக்க வேண்டும். அங்கே நடந்து 2002-ல் வெளியான ஆய்வில், தோட்டத் தொழிலாளர்களில் 60.8 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தம். சாப்பாட்டில் கூடுதல் உப்பும், உள்ளூர்ச் சாராயமும் முக்கியக் காரணங்களாக அதில் சுட்டப்பட்டன. வியர்வையில் போகும் உப்பை ஈடுகட்ட உப்பு, அலுப்பைப் போக்கச் சாராயம் என்று இரண்டையுமே அந்த உழைப்பின் தன்மைதான் கொண்டுவந்திருக்கிறது. நம் பக்கத்துத் தோட்டங்களில் உப்பின் இடத்தில் சர்க்கரை இருக்கிறது. மலைக்குளிருக்கு நாளைக்கு ஐந்து தடவை டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி என்று வைத்துக்கொண்டால் பத்துக் கரண்டி, ஏறத்தாழ 40 முதல் 50 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது. சரிவில் ஏறி இறங்கும் வரை உடம்பு அதைச் செலவழித்துவிடும். ஓய்வு பெற்ற மறுநாள் கால் நின்றுவிடுகிறது, டீ நிற்பதில்லை.

அடுத்த தலைமுறையின் கதை இன்னும் கவலை தருகிறது. லயத்து வீடு வேலையோடு கட்டுண்டது; வேலை போனால் வீடும் போகும். அதனால் வீட்டில் ஒருவர் தோட்டத்தில் நிற்க, மற்றவர்கள் வெளியே பிழைப்புத் தேடுகிறார்கள். பிளஸ் டூவோ பட்டமோ படித்த பிள்ளைகள் பலருக்கு அருகில் கிடைக்கும் வேலை ரிசார்ட் வரவேற்பு, சமையல், ஓட்டுநர் வேலை, இரவுக் காவல். தாயின் வேலையை வெயிலும் மழையும் சரிவும் நடத்தின. பிள்ளையின் வேலையை நாற்காலியும் ஸ்டீயரிங்கும் இரவு ஷிப்டும் நடத்துகின்றன. இரவு விழிப்பும் நேரம் தவறிய சாப்பாடும் சர்க்கரை நோய்க்கு வழி திறக்கும் என்பது மருத்துவம் நன்கறிந்த செய்தி. முன்பு ஒற்றையடிப் பாதையில் நடந்த தூரத்தை இப்போது ஜீப்பிலோ பைக்கிலோ கடக்கிறார்கள். சுற்றுலா வண்டிகள் நெருக்கும் மலைச்சாலையில், நடைமேடை இல்லாத வளைவில், யாரும் மாலை நடைக்குப் போக மாட்டார்கள். நடக்கச் சொல்லும் மருத்துவர் எந்த இடத்தில் நடப்பது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது அறிவுரை.

சுற்றுப்புறம் நோயைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது என்பதற்கு மிக உறுதியான சான்று அமெரிக்காவில் கிடைத்தது. 1990-களில் ஐந்து நகரங்களின் வறுமை மிகுந்த பகுதிகளில் வாழ்ந்த குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு நல்ல சுற்றுப்புறத்துக்குக் குடிபோக வீட்டு உதவி கொடுத்தார்கள். பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து அந்தப் பெண்களைச் சோதித்தபோது, குடிபெயரும் வாய்ப்புப் பெற்றவர்களிடம் அளவுகடந்த பருமனும் சர்க்கரை நோயும் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தன. யாருக்கும் உணவுப் பட்டியல் தரவில்லை, மாத்திரை தரவில்லை. தெரு மாறியது, உடம்பும் மாறியது.

'இந்தியர்களின் மரபணுவிலேயே சர்க்கரை இருக்கிறது, என்ன செய்ய முடியும்' என்ற பதிலை இங்கே எதிர்பார்க்கலாம். மரபணுவுக்குப் பங்கு இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரே பெற்றோருக்குப் பிறந்தவர்களை ஒப்பிட்டால்? லக்னோ, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு ஆலைகளில் வேலைக்கு வந்து குடியேறியவர்களையும், ஊரிலேயே தங்கிவிட்ட அவர்களின் உடன்பிறந்தவர்களையும் சேர்த்து ஆராய்ந்த இந்திய ஆய்வு 2010-ல் வெளியானது. ஊரில் இருந்த ஆண்களில் 6.2 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நகரத்துக்கு வந்த ஆண்களில் 14.3 சதவீதம். ரத்தம் ஒன்று, ஊர் வேறு. புனேயில் டாக்டர் யாஜ்னிக் செய்த ஆய்வு இன்னொரு முடிச்சை அவிழ்க்கிறது. அங்கே கிராமத்தில் பிறந்த குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் பிறந்ததற்கு 3.5 கிலோ. ஆனால் நம் குழந்தை தசையில் மெலிந்து, கொழுப்பில் மட்டும் ஏறத்தாழ இணையாக இருந்தது. வயிற்றுக்குள் பசியைச் சந்தித்த உடம்பு, வெளியே வந்து மிகுதியைச் சந்திக்கும்போது தாங்குவதில்லை. அரைவயிற்றுக் கூலியில் பிள்ளை பெற்ற தோட்டத்துப் பாட்டியின் பேரப்பிள்ளை, பேக்கரி வாசலில் நிற்கிறான். அவன் உடம்பில் இரண்டு காலங்கள் மோதுகின்றன. அதை மரபணு என்று பெயரிட்டு முடித்துவிடுவது அந்தக் கூலியின் வரலாற்றை மறைப்பதாகும்.

கேரளத்தின் எண்கள் பெரிதாக இருப்பதற்கு முதியவர்கள் அதிகம் இருப்பதும், பரிசோதனை அதிகம் நடப்பதும் காரணம் என்பது அடுத்த மறுப்பு. முதல் பகுதியை ஏற்கிறேன். 2011-லேயே அங்கே எட்டில் ஒருவர் 60 வயதைக் கடந்திருந்தார். இரண்டாவது பகுதி நிற்காது. மேலே சொன்ன தேசிய ஆய்வு, மருத்துவமனைக்கு வந்தவர்களை எண்ணவில்லை. வீடு வீடாகப் போய் எல்லா மாநிலத்திலும் ஒரே முறையில் ரத்தம் எடுத்துப் பார்த்தது. நோயைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்கள் என்ற பெருமையும் முழுதாக நிலைக்கவில்லை. 2016-17-ல் கேரளத்தில் 12,012 பேரிடம் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எடுத்த கணக்கில், மூவரில் ஒருவருக்கு ரத்த அழுத்தம், ஐவரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 12.4 சதவீதம் பேருக்கு மட்டுமே. நாட்டிலேயே அதிகம் படித்த மாநிலங்களில் ஒன்றில், எட்டில் ஒருவருக்குத்தான்!

'வாயைக் கட்டினால் போதும், இதற்கெல்லாம் சமூகத்தை ஏன் இழுக்கிறீர்கள்' என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில் சர்க்கரை நோய் வரும் ஆபத்தில் இருந்த 1,007 பேரை வைத்து ஒரு முயற்சி நடந்தது. ஊராரே ஒருவருக்கொருவர் துணையாக நின்று உணவையும் உழைப்பையும் மாற்றிக்கொள்ள உதவும் திட்டம். இரண்டு ஆண்டு முடிவில், திட்டத்தில் இருந்தவர்களில் 14.9 சதவீதம் பேருக்கும், இல்லாதவர்களில் 17.1 சதவீதம் பேருக்கும் நோய் வந்தது. புள்ளியியல் கணக்கில் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வேறுபாடு இல்லை. குடி குறைந்தது, காய்கனி கூடியது. அவை நல்ல பலன்கள். ஆனால் இவ்வளவு அக்கறையோடு, பயிற்சியோடு, துணையோடு நடந்த முயற்சிக்கே சுற்றியிருக்கும் சந்தையை எதிர்த்து இவ்வளவுதான் முடிந்தது என்றால், தனி ஒருவரின் மனவுறுதியை நம்பி ஓர் ஊரை விட்டுவிட முடியாது. மனவுறுதிக்கும் விலை உண்டு. 2015 செப்டம்பரில் மூணாறைக் குலுக்கிய பெண் தொழிலாளர்களின் பொம்பிளை ஒருமைப் போராட்டத்தின்போது அவர்கள் நாட்கூலி 232 ரூபாய். அதற்கு 21 கிலோ கொழுந்து பறிக்க வேண்டும். மாத்திரை இலவசம்தான், ஆனால் அதை வாங்க வரிசையில் நின்ற ஒரு நாளின் விலை அன்று அந்த 232 ரூபாய். மேசை முன் உட்கார்ந்து விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுப் போகிறவருக்கு அந்தச் செலவு இல்லை. இருவருக்கும் ஒரே அறிவுரையைச் சொல்வது நீதியாகாது.

செய்ய வேண்டியவை புதிராக இல்லை. தமிழ்நாட்டின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்து சாமனப்பள்ளியில் தொடங்கியது. அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து வீட்டு வாசலுக்குப் போகிறது. கேரளம் 2017 முதல் ஆர்த்ரம் திட்டத்தில் ஆரம்பச் சுகாதார நிலையங்களைக் குடும்பச் சுகாதார மையங்களாக மாற்றியது. ஷைலி செயலி மூலம் 30 வயது கடந்தவர்களை வீடு வீடாகப் பதிவுசெய்கிறது. இரண்டும் நல்ல தொடக்கங்கள். மலையில் அவை முழுப்பலன் தர, நேரத்தையும் மொழியையும் கவனிக்க வேண்டும். தோட்டத்தில் காலை மஸ்டர் என்னும் ஆள்கணக்கெடுப்பு நடக்கும் இடத்திலேயே மாதம் ஒரு முறை அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, அந்த மாத மாத்திரையை அங்கேயே கையில் கொடுத்தால் ஒரு நாள் கூலி தப்பும். ரிசார்ட்டின் இரவுக் காவலரும் ஓட்டுநரும் அதே பட்டியலில் சேர வேண்டும்; தோட்டத்து மருத்துவமனை அவர்களுக்குச் சொந்தமில்லை. தேவிகுளம் வட்டம் 1956-ல் மொழிவழி மாநிலம் பிரிந்தபோது கேரளத்தோடு நின்றது. அங்கே பெருந்தொகையாக வாழும் தமிழருக்கு மருந்துச் சீட்டின் விளக்கமும் பரிசோதனை முடிவும் தமிழில் கிடைக்க வேண்டும். மொழிச் சிறுபான்மையினர் உரிமை அரசு அலுவலகப் பலகையோடு முடிந்துவிடக் கூடாது, மாத்திரை உறை வரை வர வேண்டும். நோய் முற்றினால் கோட்டயத்துக்கோ எர்ணாகுளத்துக்கோ இறங்கவோ, போடிமெட்டின் வளைவுகளைக் கடந்து தேனிக்குப் போகவோ வேண்டியிருக்கும் மக்கள் இவர்கள். அந்தப் பயணத்தைத் தவிர்க்கும் மருந்து மலையிலேயே இருக்க வேண்டும்.

இவற்றைவிட நீண்டகாலப் பலன் தரக்கூடியது பள்ளி. லயத்துப் பெண்பிள்ளை பத்தாம் வகுப்போடு நிற்காமல் இன்னும் நான்கைந்து ஆண்டு படிப்பது, முப்பது ஆண்டு கழித்து அவள் இதயத்துக்குச் செய்யும் வைத்தியம். உதவித்தொகையும் விடுதியும் பேருந்தும் கல்வித் துறைச் செலவாகக் கணக்கில் எழுதப்படுகின்றன. சுகாதாரத் துறையும் அதில் பங்கேற்க வேண்டும். பஞ்சாயத்தின் கையிலும் அதிகாரம் இருக்கிறது. பள்ளிவாசலில் அடுத்த விடுதிக்குக் கட்டட அனுமதி கேட்டு விண்ணப்பம் வரும்போது, அந்தச் சாலையோரத்தில் ஊர்க்காரர் நடக்க நான்கடி இடம் எங்கே என்று உறுப்பினர்கள் கேட்கட்டும். அங்கே வேலை செய்யப்போகும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை உண்டா என்றும் அதே விண்ணப்பத்தில் எழுதி வாங்கட்டும்.